படங்களை அழிக்காதீர்கள்: ஸ்கேன் அறிக்கை எழுதும் மருத்துவர்களுக்கும் மையம் நடத்துவோருக்கும் ஒரு திறந்த மடல்

ஸ்கேன் பார்த்து அறிக்கை எழுதும் கதிரியக்க மருத்துவர்களுக்கும், ஸ்கேன் மையங்களை நடத்துகிறவர்களுக்கும்,

போன மாதம் என் அக்காவை எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். பணம் கட்டும் இடத்தில் கண்ணாடியில் புதிதாக ஒரு தாள் ஒட்டியிருந்தது. இனிமேல் ஃபிலிமும் கிடையாது, டிஸ்க்கும் கிடையாது, படங்கள் வாட்ஸ்அப்பில் லிங்க்காக வரும், லிங்க் 30 நாள் வேலை செய்யும் என்று அதில் எழுதியிருந்தது. மாலையில் லிங்க் வந்தது. திறந்தால் 46 படங்கள். கைபேசியில் எடுத்த ஃபோட்டோ மாதிரி சாதாரணப் படங்கள். அக்கா அந்த மிஷினுக்குள் முக்கால் மணி நேரம் மூச்சை இழுத்தும் விட்டும் படுத்துக்கிடந்து எடுத்தவை ஆயிரத்துக்கும் மேல். மீதி எங்கே என்று கேட்டேன். "முக்கியமானது எல்லாம் அதுலயே இருக்கு சார். ரிப்போர்ட் வேற இருக்கே, அது போதாதா?" என்றார் கவுண்டரில் இருந்த தம்பி. அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. அவருக்குச் சொல்லிக்கொடுத்ததை அவர் சொல்கிறார்.

ஆனால் ரிப்போர்ட் போதாது. அதை எங்கள் குடும்பம் பட்டுத் தெரிந்துகொண்டது.

அக்கா தையல் கடை வைத்திருக்கிறாள். 2022 ஜூனில் அவளுக்கு வலது விலாவுக்குக் கீழே ஒரு வலி வந்தது. யாரோ உள்ளே கட்டை விரலை வைத்து அழுத்துவது போல இருக்கிறது என்றாள். அப்போது அவளுக்கு வயது 38. நாள் முழுக்க மிஷினில் குனிந்தே உட்கார்ந்திருக்கிறாள், வாய்வு பிடித்திருக்கும் என்று ஓமத் தண்ணீரும் பெருங்காயமுமாக ஆறு வாரம் ஓட்டினோம். அப்புறம் வயிற்று ஸ்கேன் எடுத்தோம். ஈரலில் கட்டிகள் தெரிகின்றன, சி.டி. ஸ்கேன் எடுங்கள் என்றார்கள். அதையும் எடுத்தோம்.

ரிப்போர்ட் ஒன்றரைப் பக்கம் இருந்தது. பித்தப்பை, கணையம், மண்ணீரல், சிறுநீரகம் எல்லாம் இயல்பு. கடைசியில் தடித்த எழுத்தில் மூன்று வரி. முதல் வரி, ஈரலின் இரண்டு பக்கமும் பல கட்டிகள். இரண்டாவது வரி, பெரியது 4 சென்டிமீட்டர். மூன்றாவது வரியில் ஒரே ஒரு சொல், மெட்டாஸ்டாசிஸ். வேறெங்கோ தொடங்கி ஈரலுக்குப் பரவிய புற்று என்று அதற்கு அர்த்தம். 'இருக்கலாம்' என்றுகூட அங்கே போடவில்லை.

அதைப் படித்த மருத்துவர் மாமாவைத் தனியாகக் கூப்பிட்டு, ஆறு மாதம் என்று மனதைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள் என்றார். அவர் கையில் இருந்தது அந்த மூன்றாவது வரிதான். அப்புறம் புற்று தொடங்கிய இடத்தைத் தேட ஆரம்பித்தார்கள். எண்டோஸ்கோபி, கொலோனோஸ்கோபி, மேமோகிராம், கடைசியாக உடல் முழுக்கப் புற்றைத் தேடும் பெட் ஸ்கேன். ஈரலைத் தவிர எங்கேயும் ஒன்றும் இல்லை. சில புற்றுகளில் ரத்தத்தில் கூடும் ஏ.எஃப்.பி., சி.இ.ஏ., சி.ஏ. 19-9 மூன்றும் இயல்பு. ஒவ்வொரு முறை 'ஒன்றும் இல்லை' என்று வந்தபோதும் எங்களுக்குப் பயம் கூடியது. தொடங்கிய இடம் தெரியாத புற்று என்று முடிவு கட்டி, பொதுவான ஒரு கீமோ கொடுத்துப் பார்க்கலாம் என்று தேதியும் குறித்துவிட்டார்கள். கட்டியிலிருந்து சதை எடுத்துப் பார்க்க வேண்டும் என்று அதுவரை யாரும் சொல்லவில்லை. ரிப்போர்ட் அவ்வளவு உறுதியாக இருந்தது.

அந்த ஒன்பது வாரத்தில் அக்கா கடையில் நிலுவையில் கிடந்த ஜாக்கெட்டுகளை எல்லாம் தைத்து முடித்தாள். முடியாததைத் துணியோடு ஒரு சீட்டு எழுதி வைத்துத் திருப்பிக் கொடுத்தாள். அளவு நோட்டைக் கூட வேலை பார்க்கும் பெண்ணிடம் ஒப்படைத்தாள். எல்லாம் முடிந்த பிறகு எட்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த தன் மகளுக்கு ஐந்து ஜாக்கெட் தைத்தாள். விளிம்பில் துணியை நிறைய உள்ளே விட்டு, பக்கத்துக்கு நான்கு வரி தையல் போட்டிருந்தாள். "வளர வளர ஒவ்வொரு வரியாப் பிரிச்சுவிட்டுக்கலாம்டா" என்று என்னிடம் காட்டினாள். அந்த ஜாக்கெட்டைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டு என்ன பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை.

கீமோவுக்கு முன்னால் இன்னொருவரிடமும் காட்டிவிடலாம் என்று சென்னைக்குப் போனோம். அங்கே ஒரு கதிரியக்க மருத்துவர் எங்கள் ஃபிலிம்களை விளக்குப் பெட்டியில் மாட்டினார். ஒரு ஃபிலிமில் இருபது கட்டம், ஒவ்வொன்றும் தீப்பெட்டி அளவு. ரொம்ப நேரம் பார்த்தார். ஒரு கட்டத்தில் பேனாவை வைத்து, "இங்க ஈரலோட ஓரம் உள்வாங்குன மாதிரி இருக்கு. ஆனா இந்த ஃபிலிமை வெச்சு நான் எதுவும் சொல்லக்கூடாது. மூலப் படம் வேணும், டிஸ்க் வாங்கிட்டு வாங்க" என்றார்.

அன்று ராத்திரியே பஸ் ஏறினேன். காலையில் மையம் திறக்கும்போது வாசலில் நின்றேன். உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னார்கள்: "ரெண்டு மாசத்துக்கு மேல வெச்சிருக்க மாட்டோம். போன வாரம்தான் கிளியர் பண்ணோம்."

அவ்வளவுதான். மறுபடியும் பணம் கட்டி, மறுபடியும் ஊசி குத்தி, சென்னையில் எம்.ஆர்.ஐ. எடுத்தோம். எங்கள் அதிர்ஷ்டம், அந்த மருத்துவர் எங்களையும் பக்கத்தில் உட்கார வைத்துத் திரையில் காட்டினார். சக்கரத்தை உருட்டிக்கொண்டே போனால் ஈரல் மேலிருந்து கீழே அடுக்கடுக்காக நகர்கிறது. கட்டிகள் பெரும்பாலும் ஈரலின் ஓரத்தில் அதன் மேலுறையை ஒட்டியே இருந்தன. பரு மாதிரி வெளியே புடைக்க வேண்டிய இடத்தில், வதங்கிய மாங்காயின் தோல் உள்வாங்குவது போல ஈரலின் ஓரம் உள்ளே இழுபட்டிருந்தது. கட்டிக்குள் வட்டத்துக்குள் வட்டமாக வேறு வேறு நிறம். அப்புறம் ஒரு ரத்தக் குழாயைக் காட்டினார். அது நேராக வந்து, கட்டியின் விளிம்பில் ஒடுங்கி, அங்கேயே நின்றுவிட்டது. குழாய் குச்சி மாதிரி, கட்டி மிட்டாய் மாதிரி. இதற்குக் குச்சி மிட்டாய் அடையாளம் என்றே மருத்துவத்தில் பெயர் உண்டாம். "இதெல்லாம் சேர்ந்து வந்தா நான் ஒரு நோயை நினைப்பேன். நினைக்கிறது வேற, முடிவு வேற. சதை பார்க்காம சொல்லமாட்டேன்" என்றார்.

சதை எடுத்தார்கள். எபிதீலியாய்டு ஹெமாஞ்சியோஎண்டோதீலியோமா என்று வந்தது. ரத்தக் குழாயின் உட்சுவர் அணுக்களில் தொடங்கும் அரிய கட்டி. அக்காவுக்கு அது ஈரலிலேயே தொடங்கியிருந்தது, எங்கிருந்தும் பரவி வரவில்லை.

நான் மருத்துவம் படித்தவன் இல்லை. ஆனால் இந்தப் பெயர் வீட்டுக்குள் வந்த பிறகு படிக்காமல் இருக்க முடியவில்லை. 1982-இல் ஷரன் வைஸ், ஃபிரான்ஸ் எஞ்சிங்கர் என்ற இரண்டு நோய்க்குறியியல் மருத்துவர்கள் இந்தக் கட்டிக்குப் பெயர் வைத்தார்கள். 1984-இல் கமல் இஷாக்கும் அவரோடு வேலை செய்தவர்களும் ஈரலில் வந்த 32 பேரின் விவரத்தை எழுதினார்கள். 2006-இல் உலகம் முழுவதும் பதிவான 434 பேரைத் தொகுத்துப் பார்த்திருக்கிறார்கள். சராசரி வயது 42-ஐ ஒட்டி, ஆண்களை விடப் பெண்கள் அதிகம், பத்தில் எட்டுப் பேருக்கு மேல் ஒன்றுக்கு மேற்பட்ட கட்டிகள். இந்தக் கட்டிகளில் பெரும்பாலானவற்றில் இரண்டு மரபணுக்கள் தவறாக ஒட்டிக்கொண்டிருப்பது 2011-இல் தெரியவந்தது. அதனால்தான் சதைப் பரிசோதனையில் கேம்டா1 என்ற புரதத்தைக் காட்டும் சாயம் போட்டுப் பார்த்தால் இப்போது பெரும்பாலும் உறுதியாகச் சொல்ல முடிகிறது.

அக்காவின் வயதைப் பாருங்கள். நல்ல ஈரல், இயல்பான ரத்தம், ஓரத்தில் பல கட்டிகள், வேறெங்கும் புற்று இல்லை. பரவிய புற்றும் இப்படித் தெரியலாம் என்பது எனக்குத் தெரியும். வட்டத்துக்குள் வட்டம் பரவிய புற்றிலும் வரும். ஆகையால் முதல் ஸ்கேன் பார்த்தவர் இந்த நோயின் பெயரைச் சொல்லியிருக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. லட்சத்தில் ஒருவருக்குக்கூட வராத நோய் இது. வேறாகவும் இருக்கலாம், சதை எடுத்துப் பாருங்கள் என்று ஒரு வரி எழுதியிருக்கலாம், படங்களைக் காப்பாற்றி வைத்திருக்கலாம் என்பதுதான் என் கேள்வி.

இன்னொன்றும் உண்டு. முதல் சி.டி. ஸ்கேனில், படத்தில் ரத்த ஓட்டத்தைத் தெளிவாகக் காட்டும் மருந்தை ஊசியில் ஏற்றிய பிறகு ஒரே ஒரு முறைதான் படம் எடுத்திருந்தார்கள். சென்னை மருத்துவர் சொல்லித்தான் இது எங்களுக்குத் தெரியும். ஈரலுக்கு ரத்தம் இரண்டு வழியில் வருகிறது. கிட்டத்தட்ட முக்கால் பங்கு குடலிலிருந்து வரும் போர்ட்டல் சிரை வழியாக, கால் பங்கு தமனி வழியாக. மடை திறந்ததும் எந்தப் பாத்தி முதலில் நனைகிறது, எது கடைசியில் நனைகிறது, எதில் தண்ணீர் தேங்கி நிற்கிறது என்று பார்த்தால்தான் வயலின் போக்கு பிடிபடும். அதுபோல, ஊசி போட்டு 30, 40 வினாடியில் ஒரு படம், 70 வினாடியை ஒட்டி ஒன்று, சில நிமிடம் கழித்து ஒன்று என்று எடுத்தால்தான் ஒரு கட்டியின் குணம் தெரியும். நீங்கள் ட்ரிபிள் ஃபேஸ் என்று சொல்வது இதைத்தான். இதற்குக் கூடுதல் செலவும் கூடுதல் கதிர்வீச்சும் உண்டு. எல்லா வயிற்று வலிக்கும் எடுக்கக் கூடாது என்பது சரி. ஆனால் ஈரலில் என்ன என்று தெரியாத கட்டி இருக்கிறது என்று ஏற்கனவே தெரிந்து அனுப்பப்பட்ட ஒருவருக்கு எடுக்காமல் வேறு யாருக்கு எடுப்பது?

தவறு எதிர்ப்பக்கமும் நடக்கும். ஃபைப்ரோலாமெல்லர் என்ற ஈரல் புற்று பெரும்பாலும் பள்ளி, கல்லூரி வயதுப் பிள்ளைகளுக்கும் இளைஞர்களுக்கும் வருகிறது. மஞ்சள் காமாலையோ, குடியோ, ஈரல் சுருக்கமோ எதுவும் இல்லாத நல்ல ஈரலில் வருகிறது. ஏ.எஃப்.பி. பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். கட்டியின் நடுவே ஒரு தழும்பு தெரியும். எஃப்.என்.எச். என்ற, ஒரு கெடுதலும் செய்யாத கட்டியிலும் நடுவே தழும்பு உண்டு. ஒன்று உயிருக்கு ஆபத்து, மற்றது சும்மா விட்டுவிடலாம். எம்.ஆர்.ஐ.-யில் தழும்பு வெளுப்பாகத் தெரிகிறதா கறுப்பாகத் தெரிகிறதா, கடைசிக் கட்டத்தில் மருந்தைப் பிடித்துக்கொள்கிறதா, உள்ளே சுண்ணாம்புப் புள்ளி இருக்கிறதா, ஈரல் அணுக்கள் உறிஞ்சும் மருந்தைக் கொடுத்து 20 நிமிடம் கழித்து எடுத்தால் கட்டி ஈரலோடு ஈரலாகத் தெரிகிறதா தனியாக இருட்டாகத் தெரிகிறதா என்பதையெல்லாம் வைத்துப் பிரிக்கிறீர்கள். இதில் எதுவும் 46 ஃபோட்டோவில் தெரியாது. இரண்டாவதாகப் பார்க்கிற மருத்துவருக்கு முழுப் படமும் கையில் வேண்டும்.

உங்கள் நிலைமையும் எனக்குப் புரிகிறது. நாலு மையத்தின் ஸ்கேன்களை ஒருவரே வீட்டிலிருந்து பார்க்கிறீர்கள். அனுப்பும் மருத்துவர் சீட்டில் 'வயிற்று வலி' என்று இரண்டு சொல் எழுதுகிறார். நோயாளியின் முகத்தை நீங்கள் பார்த்ததே இல்லை. அப்படி இருக்கும்போது தெரியாததைத் தெரியாது என்று எழுதுவது உங்களுக்கும் பாதுகாப்புதானே? 'பல கட்டிகள், ஒரே கட்டத்தில் எடுத்தது, வகை சொல்ல இயலாது, சதைப் பரிசோதனை தேவை' என்று எழுதியிருந்தால் எந்த மருத்துவரும் உங்களைக் குறைவாக நினைத்திருக்க மாட்டார். எங்களுக்கு அந்த ஒன்பது வாரம் மிஞ்சியிருக்கும்.

படங்கள் யாருடையவை என்ற கேள்விக்கு வருகிறேன். மத்திய சுகாதார அமைச்சகம் 2016-இல் வெளியிட்ட மின்னணு மருத்துவப் பதிவுத் தரநிலைகளில், பதிவுகளை மருத்துவமனை நோயாளியின் சார்பில் பொறுப்பாக வைத்திருக்கிறது, அதில் உள்ள தகவல் நோயாளிக்கே சொந்தம் என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறது. படங்களுக்கு டைகாம் வடிவம், அதாவது ஸ்கேன் படங்களை அசல் விவரத்தோடு வைக்கும் கோப்பு வடிவம், என்றும் அதிலேயே இருக்கிறது. மருத்துவக் கவுன்சிலின் 2002 நடத்தை விதிகள், உள்நோயாளிகளின் பதிவை மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும், கேட்டால் 72 மணி நேரத்தில் தர வேண்டும் என்கின்றன. அக்கா உள்நோயாளி இல்லை, வந்து எடுத்துவிட்டுப் போனவள். அதைச் சொல்லி நீங்கள் ஒதுங்கிக்கொள்ளலாம். ஆனால் படுக்கையில் படுத்திருப்பவரின் பதிவுக்கு இருக்கும் மதிப்பு, நடந்து வந்து எடுத்துக்கொண்டவரின் பதிவுக்கு ஏன் இருக்கக் கூடாது?

சர்வரில் இடம் இல்லை என்று ஒவ்வொரு இடத்திலும் சொல்கிறார்கள். ஒரு முழு ஈரல் எம்.ஆர்.ஐ. சில நூறு எம்.பி.தான், கைபேசியில் இறக்கிப் பார்க்கும் ஒரு சினிமாவை விடச் சிறியது. ஸ்கேனுக்குப் பல ஆயிரம் ரூபாய் வாங்குகிறீர்கள். நாங்களே பென் டிரைவ் கொண்டு வருகிறோம்.

அக்கா இன்று இருக்கிறாள். குறித்திருந்த கீமோவைத் தொடங்கவே இல்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை எம்.ஆர்.ஐ. எடுத்துக் கட்டிகளை அளக்கிறார்கள். இரண்டு கட்டி கொஞ்சம் வளர்ந்திருக்கிறது, மற்றவை அப்படியே நிற்கின்றன. தேவைப்பட்டால் ஈரல் மாற்று என்று பேசி வைத்திருக்கிறார்கள். நோய் போய்விட்டது என்று நான் சொல்லவில்லை, அது எந்த நேரமும் வேகம் பிடிக்கலாம். கடையைத் திறந்துவிட்டாள். மகளின் ஜாக்கெட்டில் முதல் வரித் தையலைப் போன வருஷம் அவளேதான் பிரித்தாள்.

அதனால்தான் கண்ணாடியில் ஒட்டிய அந்தத் தாளைப் பார்த்ததும் எனக்குப் பதறியது. அக்காவுக்கு வைத்தியமே போன படத்தையும் இந்தப் படத்தையும் பக்கத்தில் வைத்து மில்லிமீட்டர் கணக்கில் ஒப்பிடுவதுதான். 30 நாளில் காணாமல் போகும் லிங்க்கை வைத்து ஆறு மாதம் கழித்து எதோடு எதை ஒப்பிடுவது?

மையம் நடத்துகிறவர்களுக்கு: அந்தத் தாளை எடுத்துவிடுங்கள். ஃபிலிம் வேண்டாம், அது போகட்டும். ஆனால் ஸ்கேன் எடுத்த ஒவ்வொருவருக்கும் அவர் கேட்காமலே, கூடுதல் காசு வாங்காமல், எல்லாப் படங்களையும் டைகாம் வடிவில் கொடுங்கள். டிஸ்க்கோ, பென் டிரைவோ, முழுதாக இறக்கிக்கொள்ளும் லிங்க்கோ, எதுவானாலும் சரி. உங்களிடம் மூன்று ஆண்டாவது வைத்திருங்கள். அழிக்கும் முன் ஒரு மாதத் தவணை கொடுத்து நோயாளியின் எண்ணுக்கு ஒரு செய்தி அனுப்புங்கள். லிங்க் அனுப்புகிற அதே எண்தான்.

அறிக்கை எழுதும் மருத்துவர்களுக்கு: ஈரலில் தெரியாத கட்டி என்று சீட்டு வந்தால், ஒரே கட்டத்தில் எடுக்கச் சொல்லியிருந்தாலும் அனுப்பிய மருத்துவரை ஒரு போன் போட்டுக் கேளுங்கள். எத்தனை கட்டத்தில் எடுத்தீர்கள், எந்த மருந்து என்று அறிக்கையில் எழுதுங்கள். வேறு இடத்தில் புற்று இருப்பது தெரியாத ஒருவருக்கு 'மெட்டாஸ்டாசிஸ்' என்று தனியாக எழுதாதீர்கள். வேறு என்னவாக இருக்கக்கூடும் என்பதையும், சதைப் பரிசோதனை தேவை என்பதையும் அதே வரியில் சேர்த்து எழுதுங்கள். சந்தேகமான படத்தை ஈரல் படங்களையே பார்க்கும் ஒருவருக்கு அனுப்பிக் கேளுங்கள். தேசியப் புற்றுநோய் வலையமைப்பு போன்ற அமைப்புகள், பல துறை மருத்துவர்கள் ஒன்றாக இணையத்தில் கூடிப் பேசும் ஏற்பாட்டை வைத்திருக்கின்றன. அப்படி ஓர் ஏற்பாடு இருக்கிறது என்பதை நோயாளியை அனுப்பும் மருத்துவருக்கும் சொல்லுங்கள்.

கடைசியாக, உங்களில் ஒருவருக்கு. 2022 ஆகஸ்டில் அந்த மூன்றாவது வரியை எழுதியவர் நீங்கள். உங்கள் பெயரை நான் எங்கும் சொல்லவில்லை, சொல்லப் போவதும் இல்லை. அக்காவின் கோப்பில் முதல் தாளாக இன்றும் அந்த ரிப்போர்ட்தான் இருக்கிறது. புதிய மருத்துவர் ஒவ்வொருவரும் அதைத்தான் முதலில் படிக்கிறார். காப்பீட்டு அலுவலகத்திலும் அதைக் காட்டித்தான் கேள்வி கேட்கிறார்கள். சதைப் பரிசோதனை முடிவையும் அடுத்து எடுத்த எம்.ஆர்.ஐ. படங்களையும் இந்த வாரம் உங்கள் மையத்துக்கு அனுப்பி வைக்கிறேன். அவற்றைப் பார்த்துவிட்டு, அந்த ரிப்போர்ட்டோடு ஒரு திருத்தக் குறிப்பை உங்கள் கையெழுத்தோடு சேர்த்துக் கொடுங்கள்.

இப்படிக்கு,
தையல் கடைக்காரியின் தம்பி